ஹொமுரா ஏன் கையை விடவில்லை? ‘ரெபெல்லியன்’ படமும் அதன் பின்கதையும்

வானம் திறந்து இளஞ்சிவப்பு ஒளி பரவுகிறது. அதற்குள்ளிருந்து வெள்ளை உடையில், நீண்ட கூந்தலோடு ஒரு தெய்வம் இறங்கி வருகிறது. கீழே ஒரு பெண் உயிர் போகும் நிலையில் கிடக்கிறாள். தெய்வமாகப் போவதற்கு முன்பு இருவரும் தோழிகள். எத்தனையோ காலம் தன்னைக் காப்பாற்றப் போராடிய தோழியை அழைத்துப்போகத்தான் அந்தத் தெய்வம் வந்திருக்கிறது. குனிந்து கையை நீட்டுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் எழுந்துபோகத் தயாராகும் இடம் அது. அப்போதுதான் ஹொமுரா அந்தக் கையை இறுகப் பிடிக்கிறாள். இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன், கடைசியில் பிடித்துவிட்டேன் என்கிறாள். அடுத்த நொடி தெய்வத்தை இரண்டாகக் கிழித்து, உள்ளே இருந்த மடோக்கா என்ற பள்ளிச் சிறுமியை மட்டும் தன்னோடு இழுத்துக்கொள்கிறாள்.

ஜப்பானில் 2013 அக்டோபர் 26 அன்று வெளியான படம் இது, ‘மடோக்கா மாஜிக்கா’ என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொலைக்காட்சித் தொடரின் மூன்றாவது படம். ஜப்பானியப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கலகத்தின் கதை’. வெளிநாடுகளில் ‘ரெபெல்லியன்’. ஓடும் நேரம் 116 நிமிடம். ஜப்பானில் மட்டும் 200 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. நள்ளிரவில் ஒளிபரப்பாகும் அனிமேக்களிலிருந்து வந்த படம் எதுவும் அதுவரை அந்தத் தொகையைத் தொட்டதில்லை. ஜப்பான் அகாடமி விருதின் அனிமேஷன் பிரிவிலும் பரிந்துரை பெற்றது. இத்தனை இருந்தும், அந்தக் கைப்பிடியை மன்னிக்க முடியாத ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடரின் முடிவைப் படம் கெடுத்துவிட்டது என்பது அவர்களின் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடர் மூன்றாவது பகுதியிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்விக்குத்தான் படம் பதில் சொல்கிறது. அதை விளக்கக் கதை முழுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் தொடரையும் படத்தையும் பார்த்துவிட்டு வந்து படித்தால் நல்லது.

முதலில் இந்த வகைக் கதைகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். ஜப்பானில் இவற்றை ‘மஹோ ஷோஜோ’ என்பார்கள், அதாவது மந்திரச் சிறுமி. 1966இல் தோயெய் நிறுவனம் எடுத்த ‘சாலி’ என்ற சூனியக்காரச் சிறுமியின் தொடரைத்தான் பொதுவாகத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அமெரிக்கக் குடும்பத்தில் மனைவியாக வாழும் சூனியக்காரியைப் பற்றிய ஒரு நகைச்சுவைத் தொடர் அப்போது ஜப்பானிலும் ஓடியது. அதன் தாக்கம் சாலியில் உண்டு. 1969இல் ‘அக்கோ-சான்’ வந்தது. கைக்குள் அடங்கும் பவுடர் டப்பாவைத் திறந்து, உள்ளே உள்ள கண்ணாடியைப் பார்த்து மந்திரம் சொன்னால் அவள் யாராகவும் மாறுவாள். அந்தக் கண்ணாடி கடைகளில் பொம்மையாகவும் விற்றது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கதைகளும் பொம்மைக் கடைகளும் கைகோத்தே நடக்கின்றன. மந்திரக்கோல், பதக்கம், உருமாறும்போது ஒலிக்கும் இசை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பொம்மை நிறுவனத்தின் கணக்கு இருக்கும்.

1992இல் வந்த ‘செய்லர் மூன்’ இதோடு குழுவாகச் சண்டை போடும் நாயகர்களின் கதையைச் சேர்த்தது. ஐந்து பெண்கள், ஐந்து நிறங்கள், கடைசியில் அன்பு வெல்லும். இந்தச் சூத்திரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. உலகத்தைக் காப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்று பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! 2004இல் ‘ப்ரெக்யூர்’ அதே பாதையில் வந்து இன்றுவரை ஆண்டுதோறும் புதுப் பெண்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட தொடர்களின் திரைப்படங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு வில்லன் வருவான். நாயகிகள் துவண்டுபோவார்கள். பிறகு நட்பின் பலத்தால் எழுவார்கள். படம் முடியும்போது தொடரில் எல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பியிருக்கும். 1993 டிசம்பரில் வந்த செய்லர் மூன் முதல் படம் ஒரு மணி நேரம்தான். ப்ரெக்யூர் படங்களில் அரங்கத்துக்குள் நுழையும் குழந்தைகளின் கையில் ஒரு சிறு விளக்கைக் கொடுப்பார்கள். திரையில் நாயகி விழும்போது குழந்தைகள் அதை ஆட்டி அவளுக்குப் பலம் தர வேண்டும். இருட்டில் நூறு விளக்குகள் ஆடும்போது அவள் எழுந்திருப்பாள். அழகான ஏற்பாடு அது. ‘ரெபெல்லியன்’ பார்க்கப் போனவர்களும் மனதுக்குள் அப்படி ஒரு விளக்கை வைத்திருந்தார்கள். அது யாருக்காக எரிய வேண்டும் என்பதையே படம் குழப்பிவிட்டது.

இந்த வகைக்குள் இருட்டு முன்பே இல்லாமலில்லை. 1982இல் தொடங்கிய ‘மிங்கி மொமோ’ தொடரின் 46ஆம் பகுதியில் நாயகி மொமோ லாரி மோதி இறக்கிறாள். பிறகு மனிதக் குழந்தையாகப் பிறக்கிறாள். குழந்தைகளுக்கான தொடரில் அதைக் காட்டத் துணிந்திருக்கிறார்கள். அதனால் மடோக்காதான் முதன்முதலில் இந்த வகையைக் கறுப்பாக்கியது என்று சொல்வது சரியல்ல. மடோக்கா செய்தது வேறு. மந்திரச் சிறுமி என்ற ஏற்பாட்டையே ஓர் ஒப்பந்தமாக எடுத்து வைத்து, அதன் ஷரத்துகளை வரிவரியாக வாசித்துக் காட்டியது.

தொடர் 2011 ஜனவரியில் தொடங்கியது. மொத்தம் 12 பகுதிகள். தயாரிப்பு ஷாஃப்ட் ஸ்டூடியோ. தலைமை இயக்குநர் அக்கியுக்கி ஷின்போ 2004இல் ‘நானோஹா’ என்ற மந்திரச் சிறுமித் தொடரை இயக்கியவர். இந்த வகையின் உள்ளும் புறமும் தெரிந்தவர். உருண்டை முகமும் அகன்ற கன்னமுமாக, பார்த்தாலே மனம் லேசாகும் பாத்திரங்களை வரைந்தவர் உமே அவோக்கி. கதை எழுதியவர் கென் உரொபுச்சி, இரத்தமும் துயரமும் நிறைந்த கதைகளுக்குப் பேர்போனவர். இந்த இருவரையும் ஒரே தொடரில் சேர்த்ததுதான் முதல் சூழ்ச்சி. இசை யுக்கி கஜியுரா. சூனியக்காரிகள் ஒளிந்திருக்கும் மாய உலகங்களை ‘கெகிதான் இனு கறி’ என்ற இருவர் குழு உருவாக்கியது. வெட்டிய காகிதம், துணி, பழைய புகைப்படம், பொத்தான் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டித் தைத்ததுபோல் அந்த உலகங்கள் நகரும். மற்ற காட்சிகளில் வழுவழுப்பான அனிமே ஓடிக்கொண்டிருக்க, சட்டென்று யாரோ ஒரு குழந்தையின் காய்ச்சல் கனவுக்குள் விழுந்துவிட்டது போலிருக்கும். அந்தச் சுவர்களில் கிறுக்கியிருக்கும் விசித்திர எழுத்துகளை ரசிகர்கள் உட்கார்ந்து அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே ஜெர்மானியக் கவிஞர் கோத்தேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடக வரிகள் இருந்தன. சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவனின் கதை.

இங்கே ஒப்பந்தம் போட வருவது கியூபே. வெள்ளை நிறம், பெரிய காது, பூனையா முயலா என்று தெரியாத உருவம். பேசும்போது வாய் அசையாது. சிறுமிகளிடம் வந்து ஒரே ஒரு வரம் தருகிறேன் என்கிறது. எது வேண்டுமானாலும் கேட்கலாம். பதிலுக்கு நீ மந்திரச் சிறுமியாகிச் சூனியக்காரிகளோடு போரிட வேண்டும். வரம் கேட்டவருக்கே வினையாக முடியும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இடத்திலேயே பொறி தட்டும். ஷரத்துகள் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. வரம் கேட்ட நொடியில் அவளுடைய உயிர் உடலை விட்டு ஒரு சிறு மணிக்கல்லுக்குள் போய்விடுகிறது. மனம் கசக்கக் கசக்க அந்தக் கல் கறுக்கும். முழுக்கக் கறுத்துவிட்டால் அவளே சூனியக்காரி. நம்பிக்கை துயரமாகத் தலைகீழாகும் அந்த நொடியில் பிறக்கும் ஆற்றலைத்தான் கியூபேயின் இனம் அறுவடை செய்கிறது, பிரபஞ்சம் ஆற்றல் இழந்து அணைந்துபோகாமல் இருக்க. கியூபே பொய்யே சொல்வதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கும், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வளரும் பெண்ணை உங்கள் நாட்டில் சிறுமி என்கிறீர்கள், ஆகவே சூனியக்காரியாக வளரப்போகிறவளை மந்திரச் சிறுமி என்பதே பொருத்தம் என்று அது எட்டாம் பகுதியில் அமைதியாகச் சொல்கிறது. ஜப்பானிய மொழியில் ‘மஜோ’ என்றால் சூனியக்காரி. குழந்தைகள் பல காலமாக ஆசையோடு உச்சரித்த ‘மஹோ ஷோஜோ’ என்ற பெயரை எழுதும்போது, அந்தச் சொல்லின் எழுத்துகள் அதற்குள் முதலிலிருந்தே உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். மடோக்காவின் நெருங்கிய தோழி சயாக்கா. அவள் விரும்பும் கியோசுகே ஒரு வயலின் கலைஞன். விபத்தில் அவன் கை செயலிழந்துவிட்டது. வரத்தை இன்னொருவருக்காகக் கேட்கலாமா என்று சயாக்கா யோசிக்கிறாள். அப்போது மூத்த மந்திரச் சிறுமியான மாமி (இங்கே அது ஒரு பெண்ணின் பெயர்) அவளிடம் ஒன்று கேட்கிறாள். அவனுடைய கனவு நிறைவேற வேண்டும் என்று நினைக்கிறாயா, இல்லை, அவன் கனவை நிறைவேற்றியவள் நான் என்று ஆக வேண்டும் என்று நினைக்கிறாயா? சயாக்காவுக்குக் கோபம் வருகிறது. மாமி மன்னிப்புக் கேட்டாலும், இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஒன்றல்ல, இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் போனால் பின்னால் வருந்துவாய் என்கிறாள். அதே பகுதியில் மாமியின் தலையைச் சூனியக்காரி கடித்துத் தின்றுவிடுகிறது. தொடரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்தச் சாவைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தக் கேள்வியைக் கேட்டவளே போய்விட்டாள் என்பது. அதன் பிறகு யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவே இல்லை.

ஆனால் கதை அந்தக் கேள்வியை விடவில்லை. சயாக்கா வரம் கேட்கிறாள், கியோசுகேயின் கை குணமாகிறது. அவன் மனம் வயலினிடம் போகிறது. சயாக்காவின் இன்னொரு தோழி ஹிதோமி தன் காதலை அவனிடம் சொல்லப்போவதாக வந்து நிற்கிறாள். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே சயாக்காவின் கல் கறுக்கிறது. கியோக்கோ என்ற இன்னொரு மந்திரச் சிறுமியின் கதையும் அதேதான். மதபோதகரான தன் அப்பாவின் பேச்சை உலகம் கேட்க வேண்டும் என்று அவள் வரம் கேட்டாள். கூட்டம் கூடியது. அது வரத்தால் வந்த கூட்டம் என்று தெரிந்ததும் அப்பா அவளைச் சூனியக்காரி என்றார், குடும்பத்தைக் கொன்று தானும் இறந்தார். யாருக்காகக் கேட்டோமோ அவர்களிடம் கேட்காமலே கேட்ட வரங்கள் இவை.

ஹொமுராவின் வரம் பத்தாம் பகுதியில்தான் தெரிகிறது. முதல் பகுதியில் அவள் உறைந்த முகத்தோடு பள்ளிக்கு வந்து சேரும் மர்மப் பெண். பத்தாம் பகுதியில் பார்த்தால், மூக்குக் கண்ணாடியும் இரட்டைப் பின்னலுமாக, இதய நோயிலிருந்து தேறி வந்த கூச்சக்காரி. அவளுக்குக் கிடைத்த முதல் தோழி மடோக்கா. மடோக்கா ஊரைக் காப்பாற்றப் போய்ச் சாகிறாள். அந்தப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஹொமுரா கேட்ட வரம்: அவளைச் சந்தித்ததை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவளால் காக்கப்படுகிறவளாக இல்லாமல், அவளைக் காக்கிறவளாக நான் ஆக வேண்டும்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மடோக்கா பிழைக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ‘நான் ஆக வேண்டும்’ என்று கேட்டாள். மாமி கேட்ட இரண்டில் இரண்டாவதைத்தான் ஹொமுரா, தனக்கே தெரியாமல், வரமாகக் கேட்டிருக்கிறாள். அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் பாரமாகவே இருந்துவிட்டோம் என்று நினைக்கும் ஒரு நோயாளிப் பெண் வேறு எப்படிக் கேட்பாள்? அதன் பிறகு அதே ஒரு மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்கிறாள். ஒரு சுற்றில் மடோக்கா சூனியக்காரியாகும் முன் தன்னைச் சுட்டுவிடும்படி கெஞ்சுகிறாள். ஹொமுரா சுடுகிறாள். கியூபேயிடம் ஏமாறும் முன் முட்டாளான என்னைக் காப்பாற்று என்று மடோக்கா கேட்டது ஒரே ஒரு முறைதான். அந்த வாக்கே ஹொமுராவின் மொத்த வாழ்க்கையாகிவிடுகிறது. கொடுமை என்னவென்றால், அவள் ஒவ்வொரு முறை காலத்தைத் திருப்பும்போதும் மடோக்காவைச் சுற்றி விதியின் நூல்கள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கியூபேக்கு அவள் இன்னும் பெரிய இரையாகிறாள்.

மேற்கு ஜப்பானின் கன்சாய் வட்டாரத்தில் இந்தப் பத்தாம் பகுதி ஒளிபரப்பானது 2011 மார்ச் 11 அதிகாலையில். அன்று பிற்பகல் வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கம், பிறகு சுனாமி. அடுத்த பகுதியில் ஒரு மாபெரும் சூனியக்காரி புயலாக வந்து நகரத்தைப் பெயர்த்து எறிகிறாள். மக்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் பாய் விரித்துத் தஞ்சமிருக்கிறார்கள். அந்த நாட்களில் அதை ஒளிபரப்ப முடியுமா? நிறுத்திவைத்தார்கள். கடைசி இரண்டு பகுதிகளும் ஏப்ரல் 22 அதிகாலையில் ஒன்றாக வந்தன. ஆறு வாரம் காத்திருந்து, தங்கள் நாட்டின் உண்மையான தஞ்சக் கூடங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபடியே இருந்தவர்களுக்கு அந்த முடிவு எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிற்பாடு நாம் பார்க்கும் அதே காட்சிகள்தான், ஆனால் அவர்கள் பார்த்தது வேறு.

அந்த முடிவில் மடோக்கா கடைசியாகத் தன் வரத்தைக் கேட்கிறாள். கடந்த காலத்திலும் எதிர்காலத்திலும், எல்லாப் பிரபஞ்சங்களிலும், சூனியக்காரிகள் பிறக்கும் முன்பே அவர்களை என் கையால் இல்லாமல் ஆக்க வேண்டும். வரம் பலிக்கிறது. மடோக்கா மனித உருவை இழந்து, துயரத்தின் விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு மந்திரச் சிறுமியையும் வந்து அழைத்துப்போகும் நியதியாகிறாள். ‘எங்கான் நோ கொதொவாரி’ என்று அதற்குப் பெயர், வட்டத்தின் நியதி. ‘மடோக்கா’ என்ற சொல்லுக்கே வட்டம் என்றுதான் பொருள். அப்படி ஒரு பெண் பிறந்ததே யாருக்கும் நினைவில்லை, ஹொமுராவைத் தவிர. அவள் கையில் மிஞ்சியது மடோக்காவின் சிவப்பு ரிப்பன் மட்டும். ஆற்றங்கரையில் மடோக்காவின் குட்டித் தம்பி மண்ணில் குச்சியால் ஒரு பெண்ணை வரைந்து ‘மடோக்கா’ என்கிறான். அவன் அம்மாவுக்கு அது யாரென்று தெரியவில்லை. ஹொமுராவின் தலையில் இருக்கும் ரிப்பனைப் பார்த்து, அழகாயிருக்கிறது, அப்படியே என் ரசனை என்கிறாள். பெற்ற மகளுக்கு ஆசையாய்த் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ரிப்பன் அது. கதையை எழுதியவர்கள் இந்தக் காட்சியை அங்கே வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தத் தியாகத்துக்கு ஒரு விலை இருந்தது, அதைச் செலுத்தியவர்களுக்கே அது தெரியாது.

2012 அக்டோபரில் 12 பகுதிகளையும் சுருக்கி இரண்டு படங்களாக வெளியிட்டார்கள். படத்தை மெருகேற்றினார்கள், குரல்களை மறுபடி பதிவு செய்தார்கள், கதை அதேதான். அப்புறம் மூன்றாவது படம்.

அதன் முதல் அரைமணி நேரம் ஒரு விருந்து. ஐந்து பெண்களும் உயிரோடு, ஒன்றாக, சிரித்துக்கொண்டு. மாமியைத் தின்ற சூனியக்காரியே இப்போது பெபே என்ற செல்லப் பிராணி. எதிரிகள் வெறும் கெட்ட கனவுகள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனி நடனத்தோடு உருமாற்றக் காட்சி. கெட்ட கனவை அடக்கியதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேக் பாட்டுப் பாடுகிறார்கள். வட்டக் கேக் யார்? சயாக்காவா? இல்லை, நான் ராஸ்பெர்ரி. கியோக்கோவா? இல்லை, நான் ஆப்பிள். ஹொமுரா பூசணி. மடோக்கா மெலன், மெலன் பிளந்தால் இனிய கனவு. ரசிகர்கள் இரண்டு ஆண்டாக ஏங்கியது இதற்குத்தானே? நமக்கு என்ன வேண்டுமோ அதை அள்ளித் தருகிறார்கள். தந்துகொண்டே, எங்கோ ஏதோ சரியில்லை என்ற உறுத்தலையும் ஊட்டுகிறார்கள். ஹொமுராவுக்கு மறுபடி கண்ணாடி, இரட்டைப் பின்னல். அவள்தான் முதலில் விழித்துக்கொள்கிறாள்.

கியோக்கோவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறுகிறாள். பேருந்து எப்படிப் போனாலும் மறுபடி அதே ஊரில் வந்து நிற்கிறது. ஊருக்கு வெளியே எதுவும் இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது ஒரு சூனியக்காரியின் கூடு. யாருடையது என்று தேடுகிறாள். பெபே மேல் சந்தேகப்பட்டு மாமியோடு மோதுகிறாள். நின்றுபோன காலத்தில் நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் காற்றில் தொங்க, இருவரும் அவற்றுக்கு நடுவே சுழன்று சுழன்று சுடும் அந்தச் சண்டைக்காகவே படத்தைப் பலமுறை பார்ப்பவர்கள் உண்டு. நியாயம்தான்.

எனக்கு அதைவிட முக்கியமான இடம் பூக்கள் நிறைந்த மேட்டில் நடக்கும் சிறு உரையாடல். வெள்ளைப் பூக்கள், காற்று, இருவர் மட்டும். ஒரு கெட்ட கனவு கண்டேன், நீ எங்கோ தூரமாய்ப் போய்விட்டாய், எல்லோரும் உன்னை மறந்துவிட்டார்கள், நான் மட்டும் தனியாக என்று சொல்லும்போது ஹொமுராவுக்கு அழுகை வெடிக்கிறது. மடோக்கா அவள் கூந்தலை எடுத்துப் பின்னிவிட்டுக்கொண்டே சொல்கிறாள்: யாரையும் பார்க்க முடியாத அவ்வளவு தூரத்துக்கு நான் போக மாட்டேன், நீயே இப்படி அழும் அளவுக்குக் கஷ்டமானதை என்னால் எப்படித் தாங்க முடியும்? ஹொமுரா உறைந்துபோகிறாள். அப்படியென்றால் இதுதானா உன் உண்மையான மனம்? அன்று உன்னைப் போக விட்டது என் தப்பு. எப்படியாவது தடுத்திருக்க வேண்டும்.

படத்தின் மொத்தப் பாரமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. மடோக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன மடோக்காவுக்குத் தான் தெய்வமானது நினைவில் இல்லை. தொடரின் முடிவில் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, பிற சிறுமிகளின் துயரத்தைக் கண்ணால் பார்த்து, அதைத் தாங்குகிறேன் என்று முடிவெடுத்த மடோக்காவும் அதே பெண்தான். அவளும் பொய் சொல்லவில்லை. பயப்படும் மடோக்காவும் துணியும் மடோக்காவும் ஒரே ஆள்தான். இருவரில் ஹொமுரா ஒருத்தியின் பேச்சை மட்டும் காதில் வாங்கிக்கொள்கிறாள், தனக்கு வேண்டிய ஒருத்தியின் பேச்சை. நாமும் நேசிக்கிறவர்களிடம் இதைச் செய்கிறோம். அவர்கள் களைத்துப்போய்ச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் நிதானமாக எடுத்த முடிவைத் தள்ளிவிடுகிறோம்.

பிறகு உண்மை உடைகிறது. அந்தக் கூடு ஹொமுராவுடையதே. வெளியுலகத்தில் அவளுடைய கல் கறுத்துக்கொண்டிருக்கிறது. கியூபேயின் இனம் அதைச் சுற்றி ஒரு தடுப்பு எழுப்பி, மடோக்கா உள்ளே வர முடியாதபடி அடைத்துவைத்திருக்கிறது. வட்டத்தின் நியதி என்ற ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும், கவனிக்க முடிந்தால் கட்டுப்படுத்தலாம். இந்த யோசனை அதற்கு எப்படி வந்தது? தொடரின் கடைசிப் பகுதியில், தனிமை தாங்காமல், பழைய உலகத்தைப் பற்றி ஹொமுராவே கியூபேயிடம் சொல்லியிருந்தாள். பேச வேறு ஆளில்லை அவளுக்கு. மடோக்காவை அவர்கள் கையில் விடுவதைவிடக் கூட்டுக்குள்ளேயே சூனியக்காரியாகிச் செத்துப்போகிறேன் என்று ஹொமுரா முடிவெடுக்கிறாள். தோழிகள் விடுவார்களா? எல்லோரும் சேர்ந்து தடுப்பை உடைத்து அவளை மீட்கிறார்கள். வழக்கமான மந்திரச் சிறுமிப் படம் இங்கே முடியும். நட்பு வென்றது, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

(பெபேயின் உண்மை உருவமான நாகிசா என்ற புதுப் பெண்ணை இங்கே வீணடித்துவிட்டார்கள் என்பது என் ஒரே வருத்தம். தகவல் சொல்ல மட்டுமே வருகிறாள். இறுதிச் சண்டையும் முதல் தடவை பார்க்கும்போது கண்ணுக்கு எட்டாத வேகத்தில் ஓடிவிடுகிறது.)

படம் இங்கேயே முடிந்திருக்கவும் கூடும். மடோக்கா வந்து ஹொமுராவை அழைத்துப்போவதோடு முடிக்கத்தான் முதலில் நினைத்திருந்ததாக உரொபுச்சி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதை தொடர வேண்டும் என்று இயக்குநர் ஷின்போவும் தயாரிப்பாளர் அட்சுஹிரோ இவக்காமியும் விரும்பினார்கள். மடோக்காவும் ஹொமுராவும் எதிரெதிரே நின்றால் எப்படி என்று ஷின்போ கேட்டதில்தான் இந்த முடிவு பிறந்தது. பார்த்தீர்களா, பணத்துக்காக இழுத்தடித்தார்கள் என்று இதைவைத்துச் சொல்பவர்கள் உண்டு. யோசனை எங்கிருந்து வந்தாலும் சரி, அது கதைக்குள் ஏற்கெனவே இருந்ததா என்பதுதான் என் கேள்வி. ‘நான் ஆக வேண்டும்’ என்று வரம் கேட்டவள், காப்பாற்றப்படுகிறவளாக அமைதியாய் மேலே போய்ச் சேர்ந்திருந்தால், அதுதான் அவள் கேட்டதற்கு நேர் எதிர். கடைசியில் மறுபடியும் மடோக்காவால் காக்கப்பட்டவளாகவே முடிந்திருப்பாள்.

அதனால் கையைப் பிடிக்கிறாள். அவளுடைய கல் சாபத்தின் கறுப்பைத் தாண்டி, யாரும் பார்த்திராத பல நிறங்களில் பொங்குகிறது. கியூபேக்குப் புரியவில்லை, இது நம்பிக்கையும் இல்லை, துயரமும் இல்லையே என்கிறது. நம்பிக்கையைவிடச் சூடானது, துயரத்தைவிட ஆழமானது, அன்பு என்கிறாள் ஹொமுரா. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டாக இந்த வகைக் கதைகள் எல்லாச் சிக்கலுக்கும் கடைசி விடையாகச் சொல்லிவந்த சொல். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் தன்னைச் சாத்தான் என்று அழைத்துக்கொள்கிறாள். அந்தச் சொல்லை அவள் பொய்யாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் நம்மை உலுக்குகிறது. அவளுடையது அன்புதான். அதில் மடோக்காவின் சம்மதம் இல்லை.

அவள் படைக்கும் புது உலகத்தில் எல்லோரும் நலம். சயாக்கா மறுபடி பள்ளிக்கு வருகிறாள், கியோசுகேயையும் ஹிதோமியையும் பார்த்து வணக்கம் சொல்ல முடிகிறது. அந்த அம்மாவுக்கு மகள் திரும்பிக் கிடைத்துவிட்டாள். ஹொமுராவை வில்லி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள் அந்த அம்மாவை ஒருமுறை நினைக்க வேண்டும். அவளைத் தியாகி என்பவர்கள், சயாக்கா தன் நினைவுகள் கைநழுவிப் போவதை உணர்ந்து ஹொமுராவிடம் கத்தும் காட்சியை நினைக்க வேண்டும்.

மடோக்கா அமெரிக்காவிலிருந்து மூன்று ஆண்டு கழித்துத் திரும்பிய புது மாணவியாக வகுப்புக்குள் வருகிறாள். ஹொமுரா அவளுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுகிறாள். தொடரின் முதல் பகுதியில் இதே கண்ணாடித் தாழ்வாரத்தில் ஹொமுரா புதியவள், மடோக்கா வழிகாட்டி. இப்போது இடம் மாறிவிட்டது. நடந்துகொண்டே இருக்கும்போது மடோக்காவின் கண்கள் பொன்னிறமாகின்றன, தான் வேறு ஏதோவாக இருந்தது நினைவுக்கு வரத் தொடங்குகிறது. ஹொமுரா ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாள். அணைப்பும் அதுதான், விலங்கும் அதுதான். ஒளி அடங்குகிறது. ஹொமுரா கேட்கிறாள், ஒழுங்கு பெரிதா, ஆசை பெரிதா? இந்த உலகம் மதிப்புள்ளது, தன் இஷ்டத்துக்கு விதியை மீறுவது நல்லதில்லை என்று நினைக்கிறேன் என்கிறாள் மடோக்கா, தயங்கித் தயங்கி. நினைவு இல்லாவிட்டாலும் அவள் அவளேதான். அப்படியானால் ஒருநாள் நீ எனக்கு எதிரியாகலாம், ஆனாலும் நீ மகிழ்ச்சியாக இருக்கும் உலகத்தையே நான் விரும்புவேன் என்று சொல்லிவிட்டு, ஹொமுரா தன் தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து மடோக்காவின் கூந்தலில் கட்டிவிடுகிறாள். உனக்குத்தான் இது பொருத்தமாயிருக்கிறது என்கிறாள்.

அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே பொருள் அது. அதைக் கட்டிவிடும்போது அவள் முகத்தில் ஓடும் கண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம், மாமி கேட்ட கேள்வி அவளுக்கு இப்போதுதான் கேட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இதன் தொடர்ச்சியாக, தொடரில் புயலாக வந்த ‘வல்புர்கிஸ்’ சூனியக்காரியின் பெயரைத் தாங்கிய நான்காவது படத்தை 2021 ஏப்ரலில் அறிவித்தார்கள். வெளியீடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததில் ஏமாந்தவர்கள் பலர். எனக்கு அவசரமில்லை. பெயர்ப்பட்டியல் ஓடிய பிறகு வரும் கடைசிக் காட்சியில், சரிபாதியாக வெட்டியதுபோன்ற அரைநிலவின் கீழ் ஹொமுரா தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து நடனமாடுகிறாள். பார்க்க யாருமில்லை, அடிபட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் கியூபேயைத் தவிர. ஆடிக்கொண்டே போய் மலை விளிம்பிலிருந்து சாய்கிறாள்.